சித்தப்பாவின் ஸ்டுடியோ: ஒன்பது லைட்ரூம் கேட்லாக், ஆறு ஹார்ட் டிஸ்க். எங்கிருந்து தொடங்குவது?

பாளை_நிழல்:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் சித்தப்பா நடத்திவந்த ஸ்டுடியோவை இந்தச் சித்திரையிலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் கேமராவைத் தொடுவதில்லை. மாலையில் கடைக்கு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். அவர் 2009-இல் ஃபிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறியவர். அன்றிலிருந்து எடுத்த கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் கொடை எல்லாம் ஆறு வெளி ஹார்ட் டிஸ்க்கிலும், கடைக் கணினியின் இரண்டு டிஸ்க்கிலும், இரண்டு அட்டைப்பெட்டி நிறைய டிவிடியிலும் கிடக்கின்றன. ஏழு டெராபைட்டுக்குக் கொஞ்சம் மேல் வரும். அதில் எவ்வளவு இரட்டிப்பு என்று சொல்ல முடியவில்லை.

படங்களை அடுக்கவும் திருத்தவும் லைட்ரூம் கிளாசிக் என்ற மென்பொருள் வைத்திருக்கிறோம். அதன் கேட்லாக், அதாவது படப் பதிவேடு, மட்டும் ஒன்பது இருக்கின்றன. 'நெல்லை 2014' என்று ஒன்று, அதே பெயருக்குப் பின்னால் எண் சேர்ந்து இன்னொன்று. எதைத் திறந்தாலும் பாதி ஃபோல்டர்களில் கேள்விக்குறி நிற்கிறது. ஆல்பத்துக்கு வடிவமைத்த போட்டோஷாப் கோப்புகள் தனியாகக் கிடக்கின்றன. ஆறு டிஸ்க்கில் ஒன்று, செருகினால் டக் டக் என்று சத்தம் போடுகிறது. சில சமயம் திறக்கிறது, சில சமயம் இல்லை.

இதை இப்போதே சரிசெய்ய நினைப்பதற்கு இரண்டு காரணங்கள். போன வாரம் இரவு பத்து மணிக்கு ஒரு குடும்பத்தார் வந்தார்கள். அப்பா இறந்துவிட்டார், 2013-இல் மகள் கல்யாணத்தில் நீங்கள் எடுத்த படத்தில் அவர் முகம் நன்றாக இருக்கும், விடிவதற்குள் பெரிதாக்கித் தர வேண்டும் என்றார்கள். சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். "நீல உறை போட்ட டிஸ்க், ஆவணி மாதக் கல்யாணம், மாலை மாற்றும் படத்துக்கு முந்தின வரிசையைப் பார்" என்றார். அங்கேயே இருந்தது. அவர் நினைவு இல்லாமல் என்னால் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இரண்டாவது, 2023 டிசம்பர் வெள்ளம். நெல்லை ஜங்ஷன் பக்கம் தரைத்தளக் கடைகளில் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் கடை மாடியில் இருப்பதால் தப்பித்தது. ஆனாலும் எங்களிடம் உள்ளதெல்லாம் ஒரே பீரோவில்தான் இருக்கிறது.

ஒன்பது கேட்லாக்கையும் ஒன்றாக்கலாமா, ஆண்டுக்கு ஒன்றாகப் பிரிக்கலாமா? லைட்ரூம் வாரம் ஒரு முறை 'பேக்கப் எடுக்கவா' என்று கேட்கிறது, ஆம் என்று அழுத்துகிறோம், அது போதுமா? மூன்று பெரிய டிஸ்க் வாங்கப் பணம் ஒதுக்கியிருக்கிறேன், அதற்கு மேல் இப்போது முடியாது. கடையில் விண்டோஸ், ஆல்பம் வடிவமைக்கும் சித்தப்பா மகள் வீட்டில் மேக் வைத்திருக்கிறாள்.

---

கோவை_க்ளிக்:

நண்பரே, இவ்வளவு சிரமம் எதற்கு? ஓராண்டு தாண்டிய கல்யாணங்களின் ரா கோப்புகளை (கேமராவின் பதப்படுத்தாத அசல்) அழித்துவிடுங்கள். திருத்தி முடித்த ஜேபெக் மட்டும் போதும், ஏழு டெராபைட் ஒன்றாகச் சுருங்கிவிடும். அதை கூகுள் போட்டோஸிலோ வேறு ஏதாவது கிளவுடிலோ ஏற்றிவிட்டால் வெள்ளம் வந்தாலும் தீ வந்தாலும் கவலை இல்லை. நான் அப்படித்தான் செய்கிறேன். வாடிக்கையாளருக்கு ஆல்பம் கொடுத்து பென் டிரைவும் கொடுத்த பிறகு காலம் முழுவதும் காவல் காப்பது நம் வேலை இல்லை என்பது என் கருத்து.

---

குடந்தை_ஒளி:

தம்பி, முதலில் அந்தச் சத்தம் போடும் டிஸ்க். அதன் கம்பியைப் பிடுங்கி, மேலே ஒரு தாள் ஒட்டி, தனியாக வையுங்கள். 'இன்னொரு முறை பார்க்கலாமே' என்று செருகாதீர்கள். உள்ளே படிக்கும் முனை பழுதாகியிருந்தால் ஒவ்வொரு முறை சுழலும்போதும் தட்டில் கீறல் விழலாம். விண்டோஸ் 'டிஸ்க்கைச் சரிபார்க்கவா' என்று கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். அந்தச் சரிபார்ப்பு நோயுற்ற டிஸ்க்கில் எழுதவும் செய்யும். அதில் என்ன இருந்தது என்று சித்தப்பாவிடம் கேளுங்கள். வேறெங்கும் நகல் இல்லாத கல்யாணங்கள் இருந்தால், தூசி புகாத அறை வைத்து டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள். செலவு அதிகம்தான். அதனால் மற்ற டிஸ்க்குகளைப் பார்த்து, அங்கே என்ன கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த முடிவை எடுக்கலாம். அதுவரை அது சும்மா இருக்கட்டும்.

அடுத்தது, இன்றைக்கு எதையும் அடுக்காதீர்கள். ஒரு ஃபோல்டரைக்கூடப் பெயர் மாற்றாதீர்கள், இரட்டிப்பு என்று தோன்றுவதை அழிக்காதீர்கள். முதலில் எல்லாவற்றுக்கும் இருக்கிற கோலத்திலேயே ஒரு முழு நகல் வேண்டும். நூலகத்தை ஒழுங்குபடுத்தும் வேலையில்தான் அதிகமான படங்கள் தொலைகின்றன என்பது நான் கல்யாண வேலைக்கு வந்த நாளிலிருந்து பார்ப்பது. டிஸ்க் செத்துப் போவதைவிட, இரட்டிப்பு என்று நினைத்து அழித்தது ஒற்றைப் பிரதியாக இருந்துவிடுவதுதான் அதிகம் நடக்கிறது.

மூன்று டிஸ்க் வாங்கலாம் என்றீர்கள். பன்னிரண்டு டெராபைட் அளவில் மூன்றையும் வாங்கிவிடுங்கள். முதல் டிஸ்க்கில் 'நீல உறை', 'கடை கணினி 1' என்று பழைய டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு, உள்ளிருப்பதை அப்படியே கொட்டுங்கள். யுஎஸ்பி 3 வேகத்தில் ஒரு டெராபைட் ஏற இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். சிறு சிறு கோப்புகள் நிறைய இருந்தால் இன்னும் கூடும். இரவு விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம், யுபிஎஸ் இருந்தால். காப்பி முடிந்தது என்று திரை சொன்னால் போதாது. ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருளில், கோப்பின் அளவையும் தேதியையும் மட்டும் பார்க்காமல் உள்ளடக்கத்தையே ஒப்பிடும் தேர்வு இருக்கிறது. அதை ஓட்டுங்கள். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் கோப்பு சிதைந்து ஏறியிருந்தால் அங்கே பிடிபடும். பிறகு முதல் டிஸ்க்கின் நகலை இரண்டாவதில் எடுத்துக்கொண்டு, முதலாவதைக் கழற்றி, பெட்டிக்குள் சிலிக்கா பை போட்டு, பாளையங்கோட்டைக்கு வெளியே கொடுத்தனுப்புங்கள். மதுரையிலோ கோவில்பட்டியிலோ உறவினர் வீடு இருக்கும் அல்லவா? இனி அடுக்குவது, பிரிப்பது, சேர்ப்பது எல்லாம் இரண்டாவது டிஸ்க்கில்தான். மூன்றாவது, அந்த இரண்டாவதுக்குக் கடையிலேயே இருக்கும் நகல்.

இப்போது கேட்லாக். அது பதிவு அலுவலகத்து ஏடு மாதிரி. நிலம் அதற்குள் இல்லை. எல்ஆர்கேட் என்று முடியும் அந்த ஒற்றைக் கோப்பில் ஒரு படம்கூடக் கிடையாது. படம் எந்த டிரைவில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதில் நீங்கள் வெளிச்சம் எவ்வளவு கூட்டினீர்கள், எங்கே வெட்டினீர்கள், எந்தத் தொகுப்பில் சேர்த்தீர்கள் என்பதைத்தான் அது எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் வாராவாரம் ஆம் என்று அழுத்தும் பேக்கப் இந்த ஏட்டின் நகல் மட்டுமே. படங்கள் அதில் வராது, பிரீசெட்டுகளும் (சேமித்து வைத்த திருத்த அமைப்புகள்) வராது. இன்னொன்றையும் கவனியுங்கள்: நீங்கள் மாற்றாத வரை, அந்த நகல் கேட்லாக் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே 'பேக்கப்ஸ்' என்ற ஃபோல்டரில்தான் போய் உட்காரும். டிஸ்க் போனால் ஏடும் போகும், ஏட்டின் நகலும் போகும். இடத்தை மாற்றும் பொத்தான் லைட்ரூமை மூடும்போது வரும் அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. அமைப்புகளில் தேடினால் கிடைக்காது. அந்தப் பெட்டியில் 'கேட்லாக் பழுதில்லாமல் இருக்கிறதா என்று சோதி' என்ற தேர்வையும் டிக் செய்து வையுங்கள். பழுதான ஏட்டை வாராவாரம் நகலெடுப்பதில் பயன் இல்லை.

ஒன்பது என்கிறீர்கள், உண்மையில் அவ்வளவு இருக்காது. பழைய பதிப்பில் உருவான கேட்லாக்கைப் புதிய லைட்ரூமில் திறந்தால், அது மேம்படுத்திய நகல் ஒன்றை உருவாக்கிக்கொண்டு பழையதை அப்படியே விட்டுவிடும். பெயருக்குப் பின்னால் எண் சேர்ந்தது என்றீர்களே, அது பெரும்பாலும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து, மொத்தம் எத்தனை படம், கடைசியாகத் திருத்திய தேதி என்ன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஐந்தோ ஆறோதான் தேறும் என்று நினைக்கிறேன்.

கேள்விக்குறிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். வெளி டிஸ்க்கைச் செருகும்போது விண்டோஸ் ஒரு நாள் 'இ' என்ற எழுத்தைக் கொடுக்கும், இன்னொரு நாள் 'எஃப்' கொடுக்கும். ஏட்டில் எழுதிய முகவரி மாறிவிடும், அவ்வளவுதான். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் உங்கள் வேலை டிஸ்க்குக்கு நிரந்தரமாக ஓர் எழுத்தைக் கொடுத்துவிடுங்கள். பிறகு லைட்ரூமில் மேல்நிலை ஃபோல்டரைக் காட்டச் சொல்லி, அந்த ஒன்றின் மேல் வலது கிளிக் செய்து, காணாமல் போன ஃபோல்டரைக் கண்டுபிடி என்று புதிய இடத்தைக் காட்டினால், அதன் கீழுள்ள எல்லாமே ஒரே அடியில் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு கல்யாணமாக இணைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு கேட்லாக்கிலும் இப்படி இணைத்து முடித்த பிறகு, எல்லாவற்றையும் ஒரே கேட்லாக்காக்குங்கள். ஆண்டுக்கு ஒன்றாகப் பிரிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கல்யாண ஸ்டுடியோவுக்கு அது சரிப்படாது. லைட்ரூம் ஒரு நேரத்தில் ஒரு கேட்லாக்கைத்தான் திறக்கும், அதற்குள்தான் தேடும். இறந்தவரின் மகன் வந்து நிற்கும்போது "எங்கள் அக்கா கல்யாணம்" என்பான், ஆண்டு அவனுக்கு நினைவிருக்காது. அக்கா கல்யாணம், அக்கா மகளின் காதுகுத்து, தம்பி கல்யாணம் என்று ஒரே குடும்பம் பத்து ஆண்டுகளில் உங்களிடம் பல முறை வந்திருக்கும். எல்லாம் ஒரே தேடலில் வர வேண்டும். லட்சக்கணக்கான படங்கள் உள்ள கேட்லாக்கும் நன்றாகவே ஓடும், கேட்லாக்கை மட்டும் கணினியின் உள்ளே உள்ள எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வைத்தால். படங்கள் பெரிய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கலாம். சேர்ப்பதற்கு 'வேறு கேட்லாக்கிலிருந்து இறக்குமதி' என்ற வழியில் போங்கள், படங்களை நகர்த்தாமல் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரே படம் இரண்டு கேட்லாக்கிலும் இருந்தால் எந்தத் திருத்தத்தை வைத்துக்கொள்வது என்று கேட்கும்; பழைய திருத்தத்தை மெய்நிகர் நகலாக (கோப்பை இரட்டிக்காமல், அதே படத்துக்கு இன்னொரு திருத்தப் பதிவாக) பாதுகாக்கும் தேர்வு அங்கே இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

கோவைத் தம்பி சொன்னதில் ஊருக்கு வெளியே ஒரு நகல் வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். ரா கோப்பை அழிப்பதை ஏற்க மாட்டேன். இரவு பத்து மணிக்கு வந்து கேட்பார்களே, அந்த முகம் எங்கே இருக்கும்? மணமக்கள் படத்தில் நடுவில் இருக்காது. பந்தலின் ஓரத்தில், பின் வரிசையில், ஒரு பக்கம் டியூப் லைட் பச்சையும் மறு பக்கம் இருட்டுமாக, சந்தனப் பேலாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பன்னிரண்டு, பதினான்கு பிட் ரா கோப்பில் அந்த இருட்டைத் தூக்கினால் கன்னத்துச் சுருக்கமும் மீசை நரையும் வரும். எட்டு பிட் ஜேபெக்கில் தூக்கினால் திட்டுத் திட்டாகச் சாம்பல்தான் வரும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, அந்த வீட்டார் இனி ஆண்டாண்டாகப் பார்க்கப்போகும் முகம் அது. மேலும் கூகுள் போட்டோஸில் இடம் மிச்சம் பிடிக்கும் தேர்வை வைத்திருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படத்தைச் சுருக்கிவிடும். அசல் தரத்திலேயே ஏற்றலாம் என்றால், நொடிக்கு 40 மெகாபிட் ஏறும் இணைப்பில் ஏழு டெராபைட் ஏற இடைவிடாமல் ஓடினாலும் 16 நாள் ஆகும். உங்கள் ஊர் இணைப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கேட்லாக் நகலும், தேர்ந்தெடுத்து முடித்த ஜேபெக்கும் கிளவுடுக்குப் போகட்டும். அது நல்ல யோசனை.

எல்லாவற்றையும்விட அவசரமானது சித்தப்பாவின் நினைவு. டிஸ்க்குக்கு நகல் எடுக்கலாம், அதற்கு எடுக்க முடியாது. மாலையில் வந்து உட்காருகிறார் என்றீர்கள். பெரிய திரையில் ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம் திறந்து வைத்து, சொல்லச் சொல்ல நீங்கள் கீவேர்டாக (படத்தோடு சேரும் தேடுசொல்) தட்டிக்கொண்டே வாருங்கள்: மணமகன் ஊர், மணமகள் ஊர், மண்டபம், தாத்தா பாட்டி பெயர், தாய்மாமன் யார். லைட்ரூம் கிளாசிக்கில் முகம் அறியும் வசதி இருக்கிறது. ஒரு முகத்துக்கு அவர் பெயர் சொல்லிவிட்டால் அதே முகம் வரும் மற்ற படங்களைத் தானே பரிந்துரைக்கும். அவருக்கு எழுத்து வாசிக்கச் சிரமம் என்றால் பரவாயில்லை, முகம் தெரிந்தால் போதும்.

---

மதுரை_வடிவம்:

குடந்தை அக்கா சொன்னதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. மேக்கும் விண்டோஸும் கலந்து புழங்கும் இடம் என்பதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், நான் ஆல்பம் வடிவமைப்பவன்.

ஃபோல்டர் பெயர்களைத் தமிழில் வைக்காதீர்கள். தமிழ்ப் பற்று இல்லாமல் சொல்லவில்லை; ஒரு நுட்பக் காரணம் இருக்கிறது. 'கொடை' என்று எழுதும்போது ககரத்துக்கு வரும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாகவும், முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டாகப் பிரித்தும். மேக்கின் பழைய கோப்பு அமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ் எப்போதும் பிரித்துத்தான் வைக்கும். புதிய ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும், ஆனால் இரண்டையும் ஒரே பெயராக மதிக்கும். விண்டோஸ் இரண்டையும் வேறு வேறு பெயராகவே பார்க்கும். அதனால் ஒரே டிஸ்க்கில், கண்ணுக்கு எழுத்துப் பிசகாமல் ஒன்றுபோல் தெரியும் இரண்டு 'கோயில் கொடை' ஃபோல்டர்கள் நிற்கலாம். மேக்கில் இணைத்த படம் விண்டோஸில் காணவில்லை என்று வரும், பெயரைப் பார்த்தால் சரியாகவே இருக்கும், எங்கே பிழை என்று தெரியாது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்களில்தான் இந்தச் சிக்கல். 'திருமணம்' என்ற பெயருக்கு எதுவும் நேராது. இதற்காகப் பெயர்களைப் பொறுக்கிக்கொண்டிருப்பதைவிட, ஃபோல்டருக்கு எண்ணும் ஆங்கில எழுத்தும், கீவேர்டுக்குத் தமிழ் என்று வைத்துக்கொள்வது நல்லது.

கீவேர்டைத் தட்டும்போது யூனிகோடு விசைப்பலகையில்தான் தட்ட வேண்டும். பழைய பாமினி வகை எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள் ஸ்டுடியோக்களில் இன்னும் நிறைய இருக்கிறார்கள். அந்தத் தமிழ், எழுத்துரு இருக்கும் இடத்தில் மட்டும் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். லைட்ரூமில் அது குப்பையாகவே தெரியும், தேடவும் முடியாது.

ஆல்பத்தின் போட்டோஷாப் கோப்புகளுக்கும் இது பொருந்தும். மணமக்கள் பெயரும் தேதியும் பழைய எழுத்துருவில் அடித்த பக்கங்களை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பெயரைத் திருத்தப் போனால் தமிழ் போய்விடும். கடைக் கணினியில் நிறுவியிருக்கும் எழுத்துருக்கள் அனைத்தையும் ஒரு ஃபோல்டரில் எடுத்து, ஆல்பக் கோப்புகளோடு சேர்த்தே நகலெடுங்கள். பழைய கணினியை விற்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

---

பாளை_நிழல்:

அக்கா, மதுரை அண்ணன், இருவருக்கும் மிக்க நன்றி. கோவை நண்பருக்கும். டிஸ்க்குகளுக்குச் சொல்லிவிட்டேன். சத்தம் போடும் டிஸ்க்கைக் கழற்றி வைத்தாயிற்று. சித்தப்பாவிடம் கேட்டேன், அதில் 2016, 2017 கல்யாணங்கள் இருக்க வேண்டும், பெரும்பாலானவை கடைக் கணினியிலும் இருக்கும் என்கிறார்.

நேற்று மாலை ஒரு கல்யாணத்தைத் திறந்து வைத்துப் பேசவும் தொடங்கிவிட்டோம். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். ஒரு பாட்டியைக் காட்டி, "இவர்தான் மொத்தச் சமையலையும் நின்று பார்த்தார், மேடைக்கே வரவில்லை, நான் கொட்டகைக்குப் போய் எடுத்தேன்" என்றார். அந்தப் பாட்டிக்கு அந்தக் கல்யாணத்தில் அந்த ஒரு படம்தான் இருக்கிறது. கீவேர்டில் எழுதிவிட்டேன்.

இன்னும் மூன்று சந்தேகங்கள். திருத்தங்களைப் படத்துக்குப் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி கோப்பாக எழுதி வைத்தால் கேட்லாக் இல்லாமலே சமாளிக்கலாம் என்று ஒருவர் சொன்னார், உண்மையா? தினசரி நகலுக்கு விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி போதுமா? டிவிடிகளை என்ன செய்வது, இரண்டு பெட்டி இருக்கின்றன?

---

குடந்தை_ஒளி:

கொட்டகைப் பாட்டியின் படத்தை எழுதி வைத்ததைப் படித்து மனம் நிறைந்தது, தம்பி. அப்படியே தொடருங்கள்.

எக்ஸ்எம்பி எழுதுவது நல்லது, கேட்லாக் அமைப்புகளில் தானாக எழுதும் தேர்வைப் போட்டுவிடுங்கள். ரா கோப்புக்குப் பக்கத்தில் அதே பெயரில் ஒரு சிறு கோப்பு நிற்கும். ஜேபெக், டிஎன்ஜி (அடோபியின் ரா வடிவம்) என்றால் அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடும். திருத்தம், கீவேர்டு, நட்சத்திரக் குறி எல்லாம் அதில் வந்துவிடும். தொகுப்புகள் வராது, மெய்நிகர் நகல்கள் வராது. 'ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்தவை' என்று நாம் போடும் தொகுப்பு கேட்லாக்கில் மட்டும்தான் இருக்கிறது. ஒரே படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒன்று, வண்ணத்தில் ஒன்று என்று வைத்திருப்பீர்களே, அந்த இரண்டாவதும் அப்படியே. ஆகவே கேட்லாக் நகலுக்கு அது மாற்றாகாது. கேட்லாக் முழுதாகப் போய்விட்டாலும் திருத்திய உழைப்பில் பெரும்பகுதியைக் காப்பாற்றும் துணை அது.

ரோபோகாப்பி போதும், ஆனால் அதில் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடும். பகலில் கடையில் யாரோ ஒரு ஃபோல்டரைத் தவறி அழித்தால், இரவு அது நகலிலிருந்தும் போய்விடும். அந்தத் தேர்வு வேண்டாம். ஃப்ரீஃபைல்சிங்க்கில் செய்வதானால், அழிந்ததையும் மாறியதையும் தேதியிட்டுத் தனி ஃபோல்டரில் ஒதுக்கி வைக்கும் வசதி உண்டு, நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிட்டுக் காலி செய்வேன். இரண்டு டிஸ்க்கை ரெய்டாக, அதாவது ஒரே தகவல் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதப்படும்படி, இணைத்துவிட்டால் நகல் தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். ஒரு டிஸ்க் போனால் வேலை நிற்காமல் நடக்கும், அவ்வளவுதான். அழித்தது இரண்டிலும் ஒரே நொடியில் அழியும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற கணக்கைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். நம் தொழில்காரர் ஒருவர் நம் பாட்டைப் பார்த்துச் சொன்னது என்பதால் எனக்கு அதன் மேல் நம்பிக்கை. என்னிடம் வேலை டிஸ்க்குக்குக் காவிரி என்று பெயர், கடையில் இருக்கும் நகல் அரசலாறு, திருச்சியில் அண்ணன் வீட்டு மாடியில் இருப்பது கொள்ளிடம். வெளியூர் டிஸ்க் எப்போதும் கம்பி கழற்றியே இருக்க வேண்டும். கணினியில் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தால் செருகியிருக்கும் எல்லா டிஸ்க்கையும் பூட்டிவிடும்; கழற்றி வைத்த டிஸ்க்கை அதனால் தொட முடியாது. இந்த வெளியூர்ப் பிரதிக்கு எஸ்எஸ்டி வாங்காதீர்கள். மின்சாரம் இல்லாமல் நம் ஊர் வெக்கையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதிலுள்ள தகவல் மங்கக்கூடும்.

ஆடியிலும் மார்கழியிலும் நமக்கு முகூர்த்தம் இல்லை. அந்த இரண்டு மாதங்களில் வெளியூர் டிஸ்க்கைக் கொண்டுவந்து புதுப்பித்து, மீட்டுப் பார்க்கும் சோதனையையும் செய்துவிடுங்கள். வேறொரு கணினியில், உங்கள் சித்தப்பா மகளின் மேக்கே போதும், நகல் கேட்லாக்கின் ஜிப்பை விரித்துத் திறந்து, ஏதாவது ஒரு பழைய கல்யாணத்தை எடுத்து, திருத்தம் தெரிகிறதா, ரா கோப்பு முழு அளவில் விரிகிறதா என்று பாருங்கள். சிறு முன்னோட்டம் தெரிவதை நம்பிவிடாதீர்கள். அசல் தொலைந்திருந்தாலும் முன்னோட்டம் அழகாகத் தெரியும். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, எக்ஸ்போர்ட் செய்து பார்த்தால்தான் தெரியும். டிஎன்ஜியாக மாற்றி வைத்த கோப்புகள் இருந்தால், அவை சிதையாமல் இருக்கின்றனவா என்று மொத்தமாகச் சோதிக்கும் கட்டளை லைப்ரரி மெனுவிலேயே இருக்கிறது.

கேமரா கொடுக்கும் பெயரை இறக்குமதியின்போதே மாற்றிவிடுங்கள். 9999-க்குப் பிறகு எண் மறுபடி 0001-க்கு வந்துவிடும். இரண்டு கேமரா வைத்து எடுத்தால் ஒரே கல்யாணத்திலேயே ஒரே பெயரில் இரண்டு படம் வரும். தேதி, நேரம், கேமராவுக்கு ஓர் எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய படங்களுக்கு, எல்லாம் ஒரே கேட்லாக்கில் சேர்ந்த பிறகு லைட்ரூமுக்குள்ளிருந்தே மாற்றுங்கள். வெளியே விண்டோஸில் மாற்றினால் ஏடு அறியாது.

டிவிடிகளை இந்த மாதமே ஏற்றிவிடுங்கள், டிஸ்க் வேலைக்கு முன்னால் என்றாலும் சரி. நாம் எழுதும் டிவிடியில் தகவல் ஒரு சாயப் பூச்சில்தான் இருக்கிறது. வெளிச்சமும் வெக்கையும் ஈரமும் அதை மங்கடிக்கும். ஒன்று திறக்க மறுத்தால் தூக்கிப் போடாதீர்கள். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து (வட்டமாகத் துடைக்கக் கூடாது), வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது சாதாரணம். அதிலும் முடியாதவற்றைத் தனியாக எடுத்து, மேலே எழுதியிருக்கும் குடும்பப் பெயரையும் தேதியையும் எனக்கு எழுதுங்கள். எங்கள் கடையில் பழைய டிவிடி டிரைவ் மூன்று இன்னும் ஓடுகின்றன; பாளையிலிருந்து பார்சலில் போட்டுவிட்டால் நான் படித்துப் பார்த்து அனுப்புகிறேன்.